நம் கையால் ஒரு வாழ்த்துமடல்

வாழ்த்து என்பது ஒரு சொல். அச்சொல்லுக்கு உயிர் தருவது, அது யாரைச் சென்று சேர்கிறதோ அந்த ஆள். யாருக்கு என்று எண்ணாமல் சொல்லப்படும் வாழ்த்து முகவரி எழுதாத உறையைப் போன்றது. எத்தனை அழகாக மடித்திருந்தாலும் அது எந்த வாசலிலும் போய் நிற்பதில்லை. திருவருகைக் காலம் தொடங்கியதும் நம் கைப்பேசிகளில் வந்து குவியும் விண்மீன்களையும் மணிகளையும் காணும்போதெல்லாம் இந்த எண்ணம் நம்முள் எழுகிறது. ஒரே பாலன், ஒரே பொன்னிற எழுத்து, ஒரே வாசகம். அனுப்பியவர் பெயர் மட்டும் வேறு. காலையில் பத்தைப் பார்க்கிறோம். மாலைக்குள் பத்தையும் மறந்துவிடுகிறோம். அனுப்பியவர்களின் அன்பில் நமக்கு ஐயமில்லை. அந்த அன்பு தன் கைச்சுவடு எதையும் பதிக்காமல் கடந்து போய்விடுகிறதே என்பதுதான் நம் கவலை.

நாம் பணியாற்றும் பங்கு, பெரம்பலூரிலிருந்து அரியலூர் நோக்கிச் செல்லும் வழியில், அரியலூர் எல்லைக்குள் அமைந்தது. ஒருபுறம் பருத்தியும் மக்காச்சோளமும் சின்ன வெங்காயமும் விளையும் கரிசல். மறுபுறம் சுண்ணாம்புக்கல் ஏற்றிக்கொண்டு சிமெண்ட் ஆலைகளை நோக்கி விரையும் லாரிகளின் புழுதி. பிள்ளைகள் பலர் திருப்பூரிலும் சென்னையிலும் வளைகுடா நாடுகளிலும் இருக்கின்றனர். ஆகவே அஞ்சல் என்பது இவ்வூர்களுக்கு நெடுங்காலம் ஒரு வசதி மட்டுமன்று. பிரிந்த குடும்பத்தைச் சேர்த்துக் கட்டிய கயிறும் அதுவே.

பங்கு இல்லத்துப் பழைய மரப்பெட்டி ஒன்றில், நமக்கு முன் இங்கிருந்த குருக்கள் பாதுகாத்து வைத்த வாழ்த்துமடல்கள் கிடக்கின்றன. அவற்றின் உறைகளைப் புரட்டினாலே இவ்வட்டாரத்தின் அண்மைக்கால வரலாறு தெரியும். ஒரே ஊருக்கு வந்த மடல்களில் முதலில் ‘திருச்சி மாவட்டம்’ என்றிருக்கும். 1995-க்குப் பின் ‘பெரம்பலூர் மாவட்டம்’ என்றாகும். 2001-இல் ‘அரியலூர் மாவட்டம்’. அடுத்த ஆண்டே மீண்டும் பெரம்பலூர். 2007 இறுதியிலிருந்து மறுபடியும் அரியலூர். மாவட்டத்தின் பெயர் மாறிக்கொண்டே இருந்தது. உறையின் முதல் வரியில் இருந்த ஆளின் பெயர் மட்டும் மாறவில்லை.

அந்த மடல்களின் முகப்புகளைப் பார்த்தால் ஒரு வியப்பு நமக்குக் காத்திருக்கிறது. ஏறத்தாழ அனைத்திலும் பனி! பனி மூடிய கூரை, பனி படிந்த ஊசியிலை மரம், பனியில் வண்டி இழுக்கும் கலைமான். மார்கழியின் விடியற்பனியைத் தவிர வேறு பனியறியாத கரிசல்காட்டு மக்கள், தாம் ஒருநாளும் கண்டிராத குளிரை ஒருவருக்கொருவர் அனுப்பி மகிழ்ந்திருக்கின்றனர். பொங்கல் மடல்கள் இவ்வகையில் நம் மண்ணுக்கு நெருக்கமானவை. கரும்பும் பானையும் காளையும் சிவகாசியின் ஆழ்ந்த வண்ணங்களில் அச்சாகி, தை பிறக்கும் முன்பே நடைபாதைக் கடைகளை நிறைத்தன. உறையை ஒட்டாமல் மடிப்பை உள்ளே செருகிக் குறைந்த செலவில் புத்தக அஞ்சலாக அனுப்பிய அந்நாள்கள், நம் வயதினருக்கு நன்றாகவே நினைவிருக்கும்.

கைப்பேசி வந்ததால்தான் வாழ்த்து இப்படி ஆளற்றுப் போயிற்று என்று குறைகூறுவோர் உண்டு. வரலாறு அவ்வாறு சொல்லவில்லை. கிறிஸ்து பிறப்பு வாழ்த்துமடல் முதன்முதலாக வணிக முறையில் அச்சானது 1843-இல், இலண்டன் மாநகரில். என்றி கோல் என்பவர், தமக்கு வந்து குவிந்த பண்டிகைக் கடிதங்களுக்குத் தனித்தனியே மறுமொழி எழுத நேரமின்றி, சான் கால்காட் கார்சிலி என்னும் ஓவியரைக் கொண்டு ஒரு படம் வரையச் செய்து ஏறத்தாழ ஆயிரம் படிகள் அச்சிட்டார். தமக்கு வேண்டியவை போக எஞ்சியவற்றைப் படி ஒன்று ஒரு சில்லிங்குக்கு விற்பனைக்கு விட்டார். ஆக, அச்சிட்ட வாழ்த்து என்பதே எழுத நேரமில்லாத ஒருவரின் கண்டுபிடிப்பு. ஆயினும் அந்த முதல் மடலில் இரண்டு செய்திகள் கருதத்தக்கவை. அதில் பனி இல்லை. நடுவில் ஒரு குடும்பம் உணவு மேசையில் அமர்ந்திருக்க, இரு பக்கங்களிலும் பசித்தோர்க்கு உணவளிப்பதும் உடையற்றோர்க்கு உடுத்துவதும் வரையப்பட்டிருந்தன. அடுத்து, பெறுபவர் பெயருக்கும் அனுப்புபவர் பெயருக்கும் அதில் இடம் விடப்பட்டிருந்தது. நேரமில்லாத அந்த மனிதரும் பெயரைக் கையால் எழுத நேரம் ஒதுக்கினார்.

நம் நாட்டுத் தந்தி நிலையங்களிலும் இதைப் போன்ற ஏற்பாடு இருந்தது. தீபாவளிக்கு, பொங்கலுக்கு, கிறிஸ்துமசுக்கு, திருமணத்திற்கு என ஆயத்த வாசகங்களை எண்ணிட்டு வைத்திருந்தனர். எண்ணைச் சொன்னால் போதும். வாசகம் மறுமுனையில் போய்ச் சேரும். திருமண வீடுகளில் அத்தகைய தந்திகளை ஒவ்வொன்றாக உரக்கப் படித்த காலமும் உண்டு. வாசகம் ஒன்றாகவே இருந்ததால், அனுப்பியவரின் பெயரைத்தான் அனைவரும் காது கொடுத்துக் கேட்டனர். 2013 சூலையில் இந்தியாவில் தந்திச் சேவை முடிவுற்றது. ஆயத்த வாசகம் மட்டும் முடிவுறவில்லை. அது கைப்பேசிக்குள் குடிபெயர்ந்துவிட்டது.

எனவே நோய் பழையது. அதற்குக் கருவியைக் குறைகூறிப் பயனில்லை. அதே கருவியை மருந்தாக்கிக்கொள்ள முடியுமா என்பதே நம் முன் இருந்த கேள்வி. அதற்கு நம் பங்கின் இளையோர் சில ஆண்டுகளுக்கு முன் ஒரு விடை கண்டனர்.

பங்கு அலுவலகத்தில் ஒரு கணினியும் சிறிய அச்சுப்பொறியும் இருந்தன. திருமுழுக்குச் சான்றுகளும் ஞாயிறு அறிவிப்புகளும் அச்சிடுவதற்கானவை. அதில் விலை கொடுத்து வாங்கும் எழுத்துச் செயலி எதுவும் இல்லை. விண்டோசுடன் இலவசமாக வந்த ‘வேர்ட்பேட்’ மட்டுமே இருந்தது. பெரம்பலூர் மாவட்டம் பிறந்த அதே 1995-இல் விண்டோசு 95-உடன் பிறந்தது அந்தச் செயலி. அதனால் பெரிய வேலை எதுவும் ஆகாது. எழுத்தின் வடிவையும் அளவையும் நிறத்தையும் மாற்றலாம்; வரியை இடத்திலோ வலத்திலோ நடுவிலோ நிறுத்தலாம்; ஒரு படத்தைச் செருகலாம்; அவ்வளவே. பக்கத்தை இரு பத்திகளாகப் பிரிக்க வழியில்லை. எழுத்துப்பிழையைச் சுட்டிக்காட்டவும் அது அறியாது. “இதை வெச்சு கார்டு பண்ண முடியாது, ஃபாதர்” என்றே கல்லூரி மாணவர் ஒருவர் முதலில் கூறினார். முடியும் என்று காட்டியவர் மேல்நிலைப் பள்ளியில் படித்துக்கொண்டிருந்த ஒரு பெண்பிள்ளை.

அவர் கண்ட வழியை வாசகர்களும் அறிந்துகொள்ளட்டும். ஏ4 தாளின் அளவு 297-க்கு 210 மில்லிமீட்டர். அதைக் கிடையாக வைத்து நடுவில் ஒருமுறை மடித்தால் 148-க்கு 210 அளவில் ஒரு மடல் கிடைக்கும். மீண்டும் ஒருமுறை மடித்தால் 105-க்கு 148. எத்தனை முறை மடித்தாலும் நீள அகல விகிதம் மாறாதிருப்பது இத்தாளின் இயல்பு; அதனால்தான் மடித்த மடல் எப்போதும் கண்ணுக்கு ஒழுங்காகத் தோன்றுகிறது. ஒருமுறை மடித்த தாளை இப்போது விரித்துப் பாருங்கள். வெளிப்பக்கத்தில் மடலின் முகப்பு வலது பாதியில் இருக்கும். தாளைத் திருப்பினால், உள்ளே வாழ்த்து எழுத வேண்டிய இடமும் வலது பாதிதான்! ஆகவே பத்தி பிரிக்கத் தேவையே இல்லை. பக்க அமைப்பில் தாளைக் கிடையாக்கி, இடது ஓரத்திற்கு 165 மில்லிமீட்டரும் வலது ஓரத்திற்கு 15 மில்லிமீட்டரும் விட்டால், எழுதுவதெல்லாம் தானாகவே வலது பாதியில் வந்து அமரும். பக்க எண் அச்சிடும் குறியை நீக்கிவிட வேண்டும். இல்லையேல் வாழ்த்தின் அடியில் ஓர் எண் வந்து நிற்கும்.

முகப்புக்கு ஒரு கோப்பு, உள்வாழ்த்துக்கு மற்றொரு கோப்பு எனத் தனித்தனியே வைத்துக்கொள்வது எளிது. முகப்பை அச்சிட்டபின், புத்தகத்தின் ஏட்டைப் புரட்டுவது போல, மேல்விளிம்பு மேலேயே இருக்கும்படி தாளைத் திருப்பி மீண்டும் அச்சுப்பொறியில் இட வேண்டும். எந்தப் பக்கத்தை எப்படி இடுவது என்பது பொறிக்குப் பொறி வேறுபடும். ஒரு வெற்றுத்தாளில் பென்சிலால் அம்புக்குறியிட்டு முதலில் சோதித்துக்கொண்டால் தாள் வீணாகாது. மிகத் தடித்த அட்டையைச் சிறிய பொறிகள் இழுப்பதில்லை; சற்றுத் தடித்த தாளே போதும். ஏ4 தாள் ஒன்று ஒரு சதுரமீட்டரில் பதினாறில் ஒரு பங்கு. ஆகவே 80 கிராம் வகைத் தாளாயின் எடை 5 கிராம். 200 கிராம் வகையாயினும் 12 கிராமுக்குச் சற்று மேல்தான். உறையோடு சேர்த்தாலும் அஞ்சலின் முதல் எடைப்படியான 20 கிராமுக்குள் அடங்கிவிடும்.

முகப்புக்குப் படம் வேண்டுமே? பனியும் கலைமானும் வேண்டாம், நம் ஊரை வரையுங்கள் என்று மறைக்கல்விச் சிறுவர்களிடம் கூறினோம். அவர்கள் கொண்டுவந்த படங்களை இன்றும் மறக்க இயலவில்லை. ஒருவன் சிமெண்ட் ஆலையின் புகைபோக்கிக்கு மேல் விண்மீனை நிறுத்தியிருந்தான். ஒருத்தி சின்ன வெங்காயப் பட்டறைக்குள் பாலனைக் கிடத்தியிருந்தாள். வேறொருவன், பெரம்பலூர் மாவட்டத்துச் சாத்தனூரில் கிடக்கும் கல்மரத்தை வரைந்து அதன்மேல் ஒரு சிட்டுக்குருவியை அமர்த்தியிருந்தான். கோடிக்கணக்கான ஆண்டுகளுக்கு முன் இந்நிலத்தைக் கடல் சூழ்ந்திருந்த காலத்து மரம் அது; மண்ணில் புதைந்து கல்லாகி, 18 மீட்டர் நீளத்திற்கு இன்றும் நம் கண்முன் கிடக்கிறது. “ஏன் தம்பி, கிறிஸ்துமசுக்கு இந்த மரமா?” என்று கேட்டோம். “நம்மகிட்ட இருக்கிற கிறிஸ்துமஸ் மரம் இதுதானே சாமி” என்றான் அவன். அதன்பின் அந்தப் படத்தை மாற்றச் சொல்ல நமக்கு மனம் வரவில்லை.

படத்திற்கு அடுத்தது எழுத்து. தமிழைக் கணினியில் தட்டுவது ஒருகாலத்தில் பெருந்தொல்லையாக இருந்தது. ஒவ்வோர் எழுத்துருவும் ஒவ்வொரு குறியீட்டில் இயங்கியதால், ஓரிடத்தில் எழுதியதை வேறோரிடத்தில் திறந்தால் பொருளற்ற உரோமன் எழுத்துகளின் குவியலே தோன்றும். 1999-இல் சென்னையில் கூடிய தமிழிணைய மாநாட்டை அடுத்துத் தமிழ்99 விசைப்பலகை அறிவிக்கப்பட்டதும், ஒருங்குறி பரவியதும், 2010-இல் தமிழக அரசு அதனை ஏற்றதும் இத்தொல்லையைத் தீர்த்தன. இன்று ஒரு சிறுவன் எழுதும் ‘வாழ்த்து’ எந்த நாட்டுக் கணினியிலும் ‘வாழ்த்து’ என்றே தெரிகிறது.

இளையோர் தட்டுவதைப் பார்த்தவாறு அமர்ந்திருந்தபோது, நமக்கு ஏலாக்குறிச்சியின் நினைவு வந்தது. 1680-இல் இத்தாலியில் பிறந்து, தமிழகம் வந்து, இன்றைய அரியலூர் மாவட்டத்து ஏலாக்குறிச்சியில் அடைக்கல அன்னைக்கு ஆலயம் எழுப்பி அவ்வூரைத் திருக்காவலூர் எனப் போற்றிய வீரமாமுனிவரே, எகர ஒகரங்களின் நெடிலுக்கு இன்று நாம் எழுதும் வடிவத்தைத் தந்தவர். ஓலைச்சுவடியில் ‘மெல்’ என்பதும் ‘மேல்’ என்பதும், ‘கொடு’ என்பதும் ‘கோடு’ என்பதும் கண்ணுக்கு ஒன்றாகவே தோன்றின. படிப்பவர் இடம் பார்த்துப் பொருள் கொள்ள வேண்டியிருந்தது. கொம்பின் மேற்சுழி ஒன்றைக் கூடுதலாக இட்டு அக்குழப்பத்தை நீக்கினார் முனிவர். நம் சிறுவர்களின் விரல் ஒவ்வொரு முறை ஏகாரத்தைத் தொடும்போதும், சில கல் தொலைவில் வாழ்ந்த அம்மனிதரின் கையைத் தொடுகிறது. சொல் பிழையின்றிப் போய்ச் சேர வேண்டும் என்று அவர் பட்ட அக்கறை, ஒரு தாள் வாழ்த்துக்கும் உரியதுதான். ஆகவே அச்சிடுமுன் ஓய்வுபெற்ற தமிழாசிரியர் ஒருவர் ஒவ்வொரு மடலையும் உரக்கப் படித்து, றகர ரகரங்களையும் லகர ளகர ழகரங்களையும் திருத்தித் தந்தார்.

இவ்வளவும் எளிதாகவே நடந்தன. கடினமான கேள்வி, முகவரிப் பட்டியல் எழுதியபோதுதான் எழுந்தது.

அன்பியங்கள் வாரியாக எழுதிய பட்டியலில் ஆறு வீடுகளின் பெயர்கள் மட்டும் பென்சிலால் அடிக்கப்பட்டிருந்தன. காரணம் கேட்டோம். “துக்க வீடு, ஃபாதர். இன்னும் வருஷம் திரும்பலை. அவங்களுக்கு வாழ்த்து அனுப்பக் கூடாது” என்றனர். நம் மக்களின் வழக்கம் அது. இறப்பு நிகழ்ந்த வீட்டில் ஓராண்டுக்குப் பண்டிகை இல்லை, விண்மீன் தொங்குவதில்லை, பலகாரம் சுடுவதில்லை. அக்கம்பக்கத்தார் கொண்டுவந்து கொடுப்பதுண்டு, வாழ்த்துவதில்லை. இவ்வழக்கத்தில் ஓர் ஆழ்ந்த பண்பு உண்டு. அழுதுகொண்டிருப்பவரைச் சிரிக்கச் சொல்லாதே என்னும் மரியாதை அது. கடைமடல் எதுவும் அவ்வீட்டிற்குப் போக முடியாது என்பதும் உண்மையே. “மகிழ்ச்சி பொங்கட்டும்” என்று பொன்னெழுத்தில் அச்சிட்ட அட்டையைப் பிள்ளையைப் பறிகொடுத்த தாயின் கையில் எப்படிக் கொடுப்பது?

ஆனால் அடிக்கப்பட்ட அந்தப் பெயர்கள் நம்மை விடவில்லை. பங்கில் உள்ள எல்லா வீட்டிற்கும் இளையோர் நடந்து சென்று மடல் கொடுக்கும்போது, இந்த ஆறு வாசல்களை மட்டும் தாண்டிப் போவார்களா? மரியாதையாகத் தொடங்கியது, தனிமையாக முடிந்துவிடாதா? பெத்லகேமின் அந்த முதல் இரவிலும் கதவடைப்பும் குளிரும் இருந்தன. அடுத்துக் குழந்தைகளை இழந்த தாயரின் ஓலமும் இருந்தது. மகிழ்ச்சியாய் இருப்பவர்க்கு மட்டும் உரியதென்றால் அது எப்படி நற்செய்தி ஆகும்?

இதை இளையோரிடமே விட்டோம். நெடுநேரம் பேசினர். “நாம எழுதுறதுதானே, நமக்குத் தெரிஞ்ச மாதிரி எழுதலாமே” என்றார் அந்தப் பெண்பிள்ளை. கடைமடலில் வாசகத்தை மாற்ற இயலாது. வேர்ட்பேடில் மாற்றலாம். அன்று மாலை அவர் ஒரு மடலை எழுதினார். ‘வாழ்த்து’ என்ற சொல்லோ ‘மகிழ்ச்சி’ என்ற சொல்லோ அதில் இல்லை. அந்த ஆண்டு ஆடி மாதத்தில் நெடுஞ்சாலை விபத்தில் மகனை இழந்த ஒரு தாய்க்கு எழுதியது அது. அம்மகன் ஆண்டுதோறும் ஆலயக் குடிலுக்கு வைக்கோல் சுமந்து வந்து பரப்பியவன். அவனைப் பெயர் சொல்லிக் குறிப்பிட்டு, “இந்த ஆண்டு வைக்கோலை நாங்கள் பரப்பினோம், அம்மா. அவன் எப்படிப் பரப்புவான் என்று பேசிக்கொண்டே பரப்பினோம். உங்கள் வீட்டில் விண்மீன் தொங்காது என்று எங்களுக்குத் தெரியும். குடிலில் தொங்கும் விண்மீன் உங்கள் வீட்டுக்கும் சேர்த்துத்தான்” என்று எழுதியிருந்தார். முகப்பில் படம் ஏதுமில்லை. நடுவில் சிறியதாக ஒரு வைக்கோல் தாளைக் கோந்தால் ஒட்டியிருந்தார். வேறு ஐந்து மடல்களையும் மற்றவர்கள் எழுதினர். ஒன்று போல் மற்றொன்று இல்லை.

எல்லா வீட்டிலும் அவை ஒன்றுபோல் ஏற்கப்படவில்லை என்பதையும் கூறியாக வேண்டும். ஒரு வீட்டுப் பெரியவர், “இந்த வருஷம் வேண்டாம்ப்பா, கோவிச்சுக்காதீங்க” என்று வாசலிலேயே கைகூப்பினார். இளையோர் மடலைத் திரும்பக் கொண்டுவந்தனர். அவர் விருப்பம் அது, அதற்கும் மதிப்புண்டு. அந்த மடல் மரப்பெட்டியில் வைக்கப்பட்டது.

திருக்காட்சிப் பெருவிழா முடிந்த வாரத்தில், மகனை இழந்த அத்தாய் பங்கு இல்லத்திற்கு வந்தார். மடலைச் சேலைத் தலைப்பில் முடிந்துகொண்டு வந்திருந்தார். அவிழ்த்துக் காட்டிச் சொன்னார்: “சாமி, இதுல அவன் பேரு அச்சுல இருக்கு. இதுக்கு முன்னாடி அவன் பேரை நான் அச்சுல பார்த்தது, தெருவெல்லாம் ஒட்டின கண்ணீர் அஞ்சலி நோட்டீசுலதான். அதுக்கப்புறம் யாரும் அவன் பேரைச் சொல்றதே இல்ல. நான் அழுவேன்னு பயப்படுறாங்க.” சற்று நேரம் பேசாமல் இருந்தார். பின்பு, “அவன் அக்கா துபாயில இருக்கா. அவளுக்கும் இது மாதிரி ஒண்ணு எடுத்துத் தர முடியுமா?” என்று கேட்டார்.

கோப்பு கணினியில் இருந்தது. பொத்தானை அழுத்தினால் இன்னொரு படி வந்திருக்கும். ஆனால் அந்தப் பெண்பிள்ளை அதைச் செய்யவில்லை. “அம்மாவுக்கு எழுதினது அக்காவுக்குப் பொருந்தாது, ஃபாதர்” என்று கூறி, அமர்ந்து வேறொன்றை எழுதினார். அவ்வக்காவும் தம்பியும் சிறுவயதில் குடிலுக்கு ஆட்டுக்குட்டிப் பொம்மை செய்த கதையைத் தாயிடமே கேட்டு அதில் சேர்த்தார். அவர் அன்று செய்ததில் ஓர் இறையியல் இருந்தது. அன்பு படியெடுக்கப்படுவதில்லை, ஒவ்வொரு முறையும் புதிதாக எழுதப்படுகிறது.

திருத்தூதர் பவுலின் திருமுகங்களை ஊன்றிப் படிப்போர்க்கு இது புதிதன்று. உரோமையர்க்கு எழுதிய திருமுகத்தைப் பவுல் சொல்லச்சொல்லத் தெர்த்தியு என்பவர் எழுதினார். அவரே அதை அத்திருமுகத்தின் இறுதியில் தெரிவிக்கிறார். பவுலும் ஒருவகையில் எழுதுகருவியைக் கையாண்டவர்தான். அக்காலத்துக் கருவி உயிருள்ள ஓர் எழுத்தர். ஆனால் அத்திருமுகத்தின் கடைசி அதிகாரத்தைப் பாருங்கள். அருள்வாழ்வு பற்றிய ஆழ்ந்த போதனைகளை முடித்துவிட்டு, பிரிஸ்கா, அக்கிலா தொடங்கி இருபதுக்கும் மேற்பட்டோரை ஒவ்வொருவராகப் பெயர் சொல்லி, அவர்களுள் பலர் செய்த ஏதோ ஒன்றை நினைவுகூர்ந்து வாழ்த்துகிறார். ஒருவரின் உழைப்பை, ஒருவரோடு சிறையிருந்ததை, ஒருவரின் தாய் தமக்கும் தாயாய் இருந்ததை எல்லாம் மறவாமல் குறிப்பிடுகிறார். கலாத்தியர், கொலோசையர் முதலியோர்க்கு எழுதிய திருமுகங்களின் முடிவில் தம் கைப்பட எழுதுவதாகவும் குறிப்பிடுகிறார். நீண்ட கடிதத்தை எழுத்தர் எழுதலாம். கடைசி வாழ்த்து தம் கையெழுத்தாகவே இருக்க வேண்டும் என்பது அவர் முறை. இதைவிடச் சிறந்த விதி வாழ்த்துமடலுக்கு வேறில்லை. தட்டச்சு கணினியுடையதாக இருக்கட்டும். பெயரும் இறுதி வரியும் பேனாவுடையதாக இருக்கட்டும்.

கருவியின் எளிமை இதற்கு உதவியது என்றே நாம் எண்ணுகிறோம். அதில் ஆயத்த அலங்காரம் எதுவும் இல்லாததால், சொல்லைத் தேடுவதைத் தவிர அவர்களுக்கு வேறு வழியில்லை. வேறொரு நன்மையும் விளைந்தது. கண்புரையால் எழுத்து மங்கிப்போன முதியவர்களுக்கு எழுத்தின் அளவை 24 புள்ளியாகப் பெரிதாக்கி அச்சிட்டனர். “பேரன் படிச்சுச் சொல்லாம நானே படிச்சேன் சாமி” என்று ஒரு பெரியவர் கோயில் வாசலில் நிறுத்திச் சொன்னது, நாம் அவ்வாண்டு பெற்ற சிறந்த வாழ்த்துகளுள் ஒன்று.

அந்த எளிய வேர்ட்பேடும் இப்போது விடைபெற்றுக்கொண்டிருக்கிறது. 2024-இல் வெளிவந்த விண்டோசு 11-இன் புதிய பதிப்பிலிருந்து அதனை நீக்கிவிட்டனர். பழைய கணினிகளில் மட்டும் அது எஞ்சியிருக்கிறது. அதற்காக வருந்தத் தேவையில்லை. லிபர் ஆபிசு என்னும் செயலித்தொகுப்பை யாரும் விலையின்றிப் பெற்றுப் பயன்படுத்தலாம்; அதிலுள்ள எழுத்துச் செயலியில் மேற்சொன்ன ஓர அளவுகளை அப்படியே இடலாம். 2011-இல் தமிழக அரசு தொடங்கிய திட்டத்தால் மடிக்கணினி பெற்ற வீடுகள் நம் பகுதியில் பல. அச்சுப்பொறி வீட்டில் இல்லாவிடில் பேருந்து நிலையத்து ஜெராக்ஸ் கடையில் அச்சிட்டுக்கொள்ளலாம். கணினியே இல்லாத வீட்டிலும் ஒரு தாளும் பேனாவும் உண்டு.

கிறிஸ்து பிறப்புக்கு மட்டுமா இது? அடுத்த தெருவில் பொங்கல் வைக்கும் குடும்பத்திற்கு, நோன்பு துறக்கும் இசுலாமிய நண்பருக்கு, தேர்வில் தோற்றுத் தலைகுனிந்து நிற்கும் பிள்ளைக்கு, நாற்பது ஆண்டு நம் பள்ளி மணியை அடித்து ஓய்வுபெறும் பணியாளருக்கு எந்தக் கடையில் மடல் விற்கிறது? விற்காத மடல்களைத்தான் நாம் செய்தாக வேண்டும்.

வரும் திருவருகைக் காலத்தில் ஒவ்வொரு குடும்பமும் ஒரு மாலைப்பொழுதை இதற்கென ஒதுக்கட்டும். கணினி அறிந்த பிள்ளை தட்டட்டும். தமிழ் அறிந்த பாட்டி பிழை திருத்தட்டும். சிறியவர்கள் தம் ஊரை வரையட்டும். நூறு பேருக்கு வேண்டாம். பத்துப் பேர் போதும். பட்டியல் எழுதும்போது, வாழ்த்த வேண்டாம் என்று நம் கை தானாகவே கடந்து செல்லும் பெயர் ஒன்று இருக்கும். துக்கத்தாலோ பகையாலோ மறதியாலோ விடுபட்ட பெயர் அது. அந்தப் பெயரிலிருந்து தொடங்குவோம்.